ஜன்னல் மேசையும் சுவர் மேசையும்

பள்ளி ஆண்டு மலருக்குப் பழைய மாணவியர் சார்பில் ஒரு கட்டுரை அனுப்புமாறு கேட்டிருந்தார்கள். நாங்கள் 1983-84ஆம் கல்வியாண்டில் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் படித்தவர்கள். இன்று ஊருக்கு ஒருவராய் இருக்கிறோம். எதைப் பற்றி எழுதலாம் என்று தொலைபேசியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டபோது, சொல்லிவைத்தாற்போல் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது: "டொலுயீன்!"

ஆண்டு விழா நாடகத்தில் தாடி கழன்று விழுந்தது, உல்லாசப் பயணத்தில் பேருந்து பழுதாகி நின்றது, இவையெல்லாம் இருக்க, ஒரு புட்டியில் இருந்த நிறமற்ற திரவம் எங்கள் எல்லோர் நினைவிலும் முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்த டொலுயீன் விஷயத்தில் நாங்கள் எங்கள் தோழி ஒருத்திக்கு அநியாயம் செய்தோம். அவளுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே அனுப்புகிறோம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வேதியியலைத் தப்பாக எழுதிவிடாதீர்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்."

வேதியியல் படிக்காத பெற்றோர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததும், அதைத் தொடர்ந்து நம் காலடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிந்ததும், 1956இல் நிலக்கரி நிறுவனம் உருவானதும் நெய்வேலிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மின்சாரம் மட்டுமே அந்நாளில் இங்கிருந்து போகவில்லை. நிலக்கரியைக் கட்டியாக அழுத்தி, காற்றுப் படாமல் சூடாக்கி, புகையில்லாமல் எரியும் 'லெக்கோ' கரி செய்யும் ஆலை ஒன்றும் இருந்தது. அந்த ஆலை இப்போது இயங்குவதில்லை. எங்கள் சிறு வயதில் பல வீட்டு அடுப்புகளில் எரிந்தது லெக்கோதான்.

அப்படிச் சூடாக்கும்போது வடிந்து வரும் தாரிலிருந்து கார்பாலிக் அமிலம், கிரெசால், சைலெனால் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார்கள். கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் பழைய பெயர். எங்களில் ஒருத்தியின் அப்பா அந்தப் பகுதியில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்தால் சட்டையில் ஆஸ்பத்திரி வாசனை வரும். "ஃபீனால் தோலில் பட்டால் முதலில் வலிக்காது அம்மா, மரத்துப் போகும். வலிக்கவில்லையே என்று சும்மா இருந்தால் தோல் வெள்ளையாகி வெந்துபோகும்" என்று அவர் மகளை எச்சரித்துக்கொண்டே இருப்பார். அந்த மகள்தான் நாங்கள் அநியாயம் செய்த தோழி. எங்கள் வகுப்பிலேயே மிகவும் ஜாக்கிரதையாகப் புட்டியைத் திறப்பவள் அவள் என்பதை அப்போது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

எங்கள் வேதியியல் சிஸ்டர் எந்தப் பாடத்தையும் ஊரோடு முடிச்சுப் போட்டுத்தான் தொடங்குவார். "இந்த நிலக்கரி எப்படி வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நின்ற மரங்கள் மண்ணில் புதைந்து வந்தது. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். லிக்னினுக்குள் ஆறு கார்பன் வளையங்கள் ஏராளம், அவற்றின்மேல் ஆக்சிஜன். அதனால்தான் நம் ஊர்த் தாரில் இவ்வளவு ஃபீனால்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஆறு புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல் பென்சீனை வரைவார். மார்கழி மாதத்தில் வாசலில் கோலம் போட்டுவிட்டு வரும் எங்களில் பலருக்கு அந்த வளையம் அன்றே கைவசமாகிவிட்டது.

பென்சீனை ஃபாரடே முதன்முதலில் பிரித்தெடுத்தது 1825இல். அது வளையமாக இருக்க வேண்டும் என்று கெக்குலே சொன்னது 1865இல். ஆனால் அந்த ஆறு கார்பன்களும் உண்மையிலேயே ஒரே தளத்தில் தட்டையாக உட்கார்ந்திருக்கின்றன என்று எக்ஸ் கதிர்களால் காட்டியவர் ஒரு பெண். கேத்லீன் லான்ஸ்டேல், 1929இல். அவர் எடுத்துக்கொண்டது ஆறு மூலைகளிலும் மெத்தில் தொகுதி உள்ள ஹெக்சாமெத்தில் பென்சீன் படிகம். 1945இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பெண்களில் அவரும் ஒருவர். பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்கும் மாமாக்கள் எங்கள் வீடுகளிலும் இருந்தார்கள். அவர்களிடம் சொல்வதற்கென்றே இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு வேறு ஒரு தொகுதியை வைத்தால், அந்தத் தொகுதிக்குப் பதிலி என்று பெயர். வளையம் அதேதான். ஆனால் ஒரு மூலையில் வந்து ஒட்டிய இந்தப் பதிலி, மற்ற ஐந்து மூலைகளின் குணத்தையே மாற்றிவிடுகிறது. புரோமின், நைட்ரிக் அமிலம் போன்றவை வளையத்தைத் தாக்க வருவது அதன் எலக்ட்ரான்களைத் தேடித்தான். ஹைட்ராக்சில் தொகுதியில் உள்ள ஆக்சிஜன் தன்னிடம் உள்ள உபரி எலக்ட்ரான்களை வளையத்துக்குள் தள்ளும். வளையம் செழிப்பாகும், வினை விரைவாக நடக்கும். நைட்ரோ தொகுதியோ வளையத்தில் உள்ளதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வளையம் வறண்டுவிடும், வினை நகரவே நகராது.

எவ்வளவு வித்தியாசம் என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதிய எண்களைப் பார்த்து மலைத்துப்போனோம். நைட்ரோ ஏற்றம் என்னும் வினையில் பென்சீனின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், டொலுயீன் ஏறத்தாழ 25, ஃபீனால் 1000, குளோரோபென்சீன் 0.033. நைட்ரோபென்சீனுக்கு வரும்போது ஒரு கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. டொலுயீன் மீது மூன்று நைட்ரோ தொகுதிகளை ஏற்றினால் கிடைப்பது டி.என்.டி. என்ற வெடிமருந்து. முதல் தொகுதி எளிதில் ஏறும், இரண்டாவதற்குச் சிரமப்பட வேண்டும், மூன்றாவதற்குக் கடுமையான அமிலமும் சூடும் வேண்டும். முன்னால் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு நைட்ரோவும் பின்னால் வருவதற்கு முட்டுக்கட்டை போடுகிறது.

குளோரின் மட்டும் விசித்திரமானது. வேகத்தைக் குறைக்கும். ஆனால் புதிதாக வருவதை, வேகத்தைக் கூட்டும் தொகுதிகளைப் போலவே ஆர்த்தோ, பாரா இடங்களுக்கு அனுப்பும். இதைத் தேர்வில் யார் கேட்டாலும் நாங்கள் பாதிப் பேர் தவறாகத்தான் எழுதினோம்.

பாடம் இத்தோடு முடிந்திருக்கும். பின் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "வேகம் வேகம் என்கிறீர்களே சிஸ்டர், அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். ஃபீனாலோடு புரோமின் நீர் சேர்த்தால் உடனே வெள்ளை வீழ்படிவு விழும் என்பது எங்கள் செய்முறைப் பாடத்தில் இருந்தது. ஆனால் அது ஆமா, இல்லையா என்று சொல்லும் சோதனை. யார் முந்தி, யார் பிந்தி என்று சொல்லாது. சிஸ்டர் சிறிது யோசித்துவிட்டு, "சனிக்கிழமை பிற்பகல் வர முடிந்தவர்கள் வாருங்கள். மார்க் கிடையாது" என்றார். மார்க் கிடையாது என்றதும் நான்கு பேர் கழன்றுகொண்டார்கள். பன்னிரண்டு பேர் போனோம்.

ஆய்வகத்தில் இரண்டு நீள மேசைகள். ஒன்று மேற்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி, மற்றது உள்சுவரை ஒட்டி. நாங்கள் ஆறு பேர் சுவர் மேசை. அவளும் மற்ற ஐவரும் ஜன்னல் மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஐந்து சோதனைக் குழாய்கள். ஃபீனால், அனிசோல், டொலுயீன், பென்சீன், நைட்ரோபென்சீன் ஆகியவற்றை அசெட்டிக் அமிலத்தில் ஒரே அளவில் கரைத்து வைத்திருந்தோம். அனிசோல் பள்ளியில் இல்லை. சிஸ்டர் தாம் படித்த கல்லூரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் கேட்டு வாங்கி வந்திருந்தார். புரோமினை எங்கள் கையில் கொடுக்கவில்லை. வராந்தாவில் நின்று அவரே கரைத்து எடுத்து வந்து, அவரே சொட்டுக் குழாயால் ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் விட்டு, தக்கையால் மூடினார். சிந்தினால் ஊற்றுவதற்கு ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஹைப்போ கரைசல் தயாராக இருந்தது. விளையாட்டு டீச்சரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப் வாட்ச் ஒன்றுதான் இருந்தது. மற்ற மேசைக்கு ஒருத்தியின் கைக்கடிகாரம்.

இன்றைய தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. எனவே இன்று பள்ளிகளில் அதை மாணவியர் கையில் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. நாங்கள் செய்ததைப் பார்த்து நீங்கள் செய்ய வேண்டாம்.

கணக்கு எளிது. புரோமினின் செம்பழுப்பு நிறம் மறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் வேகத்தின் அடையாளம். ஃபீனால் குழாயில் சொட்டு விழுந்த மாத்திரத்தில் நிறம் போயிற்று. ஸ்டாப் வாட்சின் பொத்தானை அழுத்துவதற்கே நேரமில்லை. அனிசோல் அதற்கு அடுத்து, நாங்கள் ஆவலோடு எண்ணிக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. பிறகு காத்திருந்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். எங்கள் சுவர் மேசையில் டொலுயீன், பென்சீன், நைட்ரோபென்சீன் மூன்றும் தேநீர் நிறத்தில் அப்படியே நின்றன. நாற்பது நிமிடம் கழித்து "மாற்றமில்லை" என்று எழுதிக்கொண்டோம். எங்களுக்குப் பெருத்த ஏமாற்றம். மெத்தில் தொகுதியும் வளையத்துக்குச் சிறிது எலக்ட்ரான் தள்ளும், ஆகவே டொலுயீன் பென்சீனை முந்த வேண்டும் என்றல்லவா படித்திருந்தோம்?

அப்போது ஜன்னல் மேசையில் கைதட்டல். அவர்கள் டொலுயீன் ஆறாவது நிமிடத்திலேயே வெளுத்துவிட்டதாம். அவள் தன் நோட்டில் அழகாக எழுதியிருந்தாள்: ஃபீனால், அனிசோல், டொலுயீன். பென்சீனும் நைட்ரோபென்சீனும் மாற்றமில்லை. கரும்பலகையில் சிஸ்டர் எழுதிய வரிசை அப்படியே இருந்தது.

எங்களுக்கு அது பொறுக்கவில்லை. பொறாமை என்றுதான் இன்று சொல்ல வேண்டும். அன்று நாங்கள் அதற்கு வைத்த பெயர் நியாயம். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய டொலுயீன், ஒரே புரோமின், அங்கே மட்டும் எப்படி வெளுக்கும்? ஃபீனால் தொட்ட குழலைக் கழுவாமல் டொலுயீனில் விட்டிருப்பாள் என்றாள் ஒருத்தி. கழுவ மறந்ததாகத் தெரியவில்லை, புத்தக விடை வரவேண்டும் என்று தெரிந்தே ஒரு சொட்டு விட்டிருப்பாள் என்றாள் இன்னொருத்தி. இரண்டாவது பேச்சு அவள் காதில் விழும்படியாகவே பேசப்பட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"தப்பு செய்யலைன்னா ஏண்டி அழறே?" என்று கேட்டோம்.

"நான் அழலைடி" என்றாள்.

கண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொன்னது எங்களுக்கு இன்னும் பெரிய பொய்யாகத் தோன்றியது. குழாயைப் பிடுங்காத குறையாக வாங்கி, தக்கையைத் திறந்து ஃபீனால் வாசனை வருகிறதா என்று பார்த்தோம். எங்கள் கண்களும் எரிந்தன. புரோமின் நெடி என்று நினைத்துக்கொண்டோம். புரோமின் முழுவதும் தீர்ந்து தெளிந்துபோன குழாயில் புரோமின் நெடி எப்படி வரும் என்று ஆறு பேரில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தோம்.

சிஸ்டர் வந்தார். நடந்ததைச் சொன்னோம். சொன்ன விதம் புகார் சொல்லும் விதந்தான். அவர் குழாயை எட்டப் பிடித்துக் கையால் விசிறி இலேசாக முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே அதை மூடி வெளியே வராந்தாவில் வைத்துவிட்டு, எல்லோரையும் கண் கழுவச் சொன்னார். ஜன்னலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், எங்கள் மேசையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "இரண்டு நோட்டிலும் யாரும் எதையும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. திங்கட்கிழமை இதே நேரத்துக்குப் பார்ப்போம்."

அன்று மாலை அவள் எங்களோடு சைக்கிளில் வரவில்லை. வழக்கமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து வட்டம் வட்டமாகப் பிரிந்து வீடு போவோம். அவள் தனியே முன்னால் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் அம்மாவோடு நடந்தாள். பி.எஸ்ஸி. வேதியியலில்தான் சேருவேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவள், "இனிமேல் லேபுக்கே போகப் போவதில்லை" என்று வீட்டில் சொன்னதாக அவள் தங்கை வழியே தெரிந்தது. அப்போதுதான் எங்கள் வயிற்றில் முதன்முறையாக ஏதோ புரண்டது.

திங்கட்கிழமை பிற்பகல் அவளும் வந்தாள். சிஸ்டர் ஆள் அனுப்பி வரவழைத்திருக்க வேண்டும். இந்த முறை டொலுயீன் மட்டுமே. ஒரே கரைசலை ஆறு குழாய்களில் ஊற்றினார் சிஸ்டர். கைவேலை வகுப்பிலிருந்து கொண்டுவந்த கறுப்புத் தாளை மூன்று குழாய்களுக்குச் சட்டைபோல் சுற்றச் சொன்னார். சட்டை போட்ட இரண்டும் போடாத இரண்டும் ஜன்னல் மேசைக்கு. மிச்சமிருந்த இரண்டும் சுவர் மேசைக்கு.

"ஜன்னலில் சூடு அதிகம் சிஸ்டர், அதனால் சீக்கிரம் வெளுத்திருக்கும்" என்றோம், இன்னமும் விட்டுக்கொடுக்காமல்.

"கறுப்புத் தாள் சுற்றிய குழாய் இன்னும் சூடாகும், தொட்டுப் பாருங்கள்" என்றார்.

தொட்டுப் பார்த்தோம். சூடாகத்தான் இருந்தது. சில நிமிடங்களில் ஜன்னலில் சட்டை போடாத குழாய்கள் இரண்டும் வெளுத்துவிட்டன. கறுப்புத் தாளை உருவினோம். அதே ஜன்னலில், அதைவிடச் சூடான குழாயில், புரோமின் நிறம் அப்படியே இருந்தது. சுவர் மேசைக் குழாய்களிலும் அப்படியே. பேச்சு மூச்சில்லை. வெளுத்த குழாய் ஒன்றைச் சிஸ்டர் திறந்து எங்கள் பக்கம் ஒரே ஒருமுறை விசிறினார். பன்னிரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். அந்தக் கண்ணீரில் எங்களுடையது எவ்வளவு, குழாயினுடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகுதான் விளக்கினார். டொலுயீனுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வளையம், மற்றது அதில் வால்போல் தொங்கும் மெத்தில் தொகுதி. இருட்டில் புரோமின் வளையத்தைத்தான் நாடும். அங்கே பென்சீனைவிட டொலுயீன் வேகமானதுதான். அசெட்டிக் அமிலத்தில் புரோமின் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 600 மடங்கு. ஆனால் பென்சீன் அவ்வளவு மந்தம் என்பதால், அதைப்போல் 600 மடங்கு வேகமும் ஒரு பாடவேளைக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுவர் மேசை எழுதியது சரி.

வெயில் பட்டால் கதை வேறு. ஒளி புரோமின் மூலக்கூற்றை இரண்டு அணுக்களாகப் பிளந்துவிடும். இணை பிரிந்த எலக்ட்ரானோடு அலையும் அந்த அணு வளையத்தைத் தொடாது, வாலில் உள்ள ஹைட்ரஜனைப் பறிக்கும். அப்படிப் பறிகொடுத்த இடத்தில் இன்னொரு புரோமின் மூலக்கூறு வந்து மோத, ஓர் அணு ஒட்டிக்கொள்ளும், மற்றொன்று விடுபட்டு அடுத்த டொலுயீனைத் தேடிப் போகும். சங்கிலிபோல் தொடரும் வினை இது. ஒரு முறை பற்றிக்கொண்டால் போதும். பென்சீனுக்கு வால் இல்லை. அதனால்தான் ஜன்னல் மேசையிலும் பென்சீன் அசையவில்லை. இந்த வழியில் கிடைப்பது பென்சில் புரோமைடு. கண்ணீர் வரவழைப்பதில் பேர் போன பொருள். ஆகவே ஜன்னல் மேசை எழுதியதும் சரி.

"இவள் பார்த்த வரிசை புத்தக வரிசைதான். ஆனால் அது புத்தகக் காரணத்தால் வந்ததில்லை. வெயிலால் வந்தது. விடை பொருந்திவிட்டதே என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால் நாம் யாருமே இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். நீங்கள் சந்தேகப்பட்டது நல்லது. குழாயைச் சந்தேகப்படாமல் ஆளைச் சந்தேகப்பட்டீர்கள்" என்றார் சிஸ்டர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

ஜெர்மனியில் மாணவர்கள் இந்த விதியை நினைவில் வைக்க மூன்று 'க', மூன்று 'ஸ' என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள் என்று பிற்காலத்தில் அறிந்தோம். கேல்டே, கட்டலிசாட்டர், கெர்ன்: குளிர்ச்சியும் வினையூக்கியும் இருந்தால் வளையம். ஸோன்னே, ஸீடெஹிட்ஸே, ஸைட்டன்கெட்டே: வெயிலும் கொதிநிலையும் இருந்தால் பக்கக் கிளை. எங்களுக்கு இது தெரியாத காலத்திலேயே ஒருத்தி தமிழில் ஒன்று கட்டிவிட்டாள்: "வெயிலுக்கு வால், இருளுக்கு வளையம்." எங்கள் வகுப்பில் அதை மறந்தவர் இல்லை. கணக்குப் பிரிவுக்காரிகள்கூடச் சொல்லித் திரிந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பண்ருட்டி முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் வாங்கி அவளிடம் நீட்டினோம். பேசத் தெரியவில்லை. அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "எல்லாரும் சேர்ந்து சொன்னீங்க. எல்லாரும் தனித்தனியா வந்து சொல்லுங்க" என்றாள். சொன்னோம். ஆறு பேரும், இடைவேளையில், வேப்ப மரத்தடியில், ஒருவர் பின் ஒருவராக. பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசைபோல் இருந்ததென்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆறாவது ஆள் சொல்லி முடித்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தாள். எங்களுக்கும் கொடுத்தாள்.

அவள் பி.எஸ்ஸி. வேதியியலில்தான் சேர்ந்தாள். எம்.எஸ்ஸி.யும் முடித்தாள். அங்கே படித்த ஒன்றை எங்களுக்குக் கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தாள். அமெரிக்காவில் ஹாம்மெட் என்பவர் 1937இல் ஒவ்வொரு பதிலிக்கும் ஓர் எண் கொடுத்தார். அதற்குச் சிக்மா என்று பெயர். ஹைட்ரஜனுக்குச் சுழியம். பாரா இடத்தில் உள்ள நைட்ரோவுக்கு 0.78. மெத்திலுக்குக் கழித்தல் 0.17. இழுப்பவைக்குக் கூட்டல் குறி, கொடுப்பவைக்குக் கழித்தல் குறி. பென்சோயிக் அமிலங்களை வைத்து அளந்த இந்த எண்களைக்கொண்டு, எத்தனையோ வேறு வினைகளின் வேகத்தை வரைபடத்தில் ஒரே நேர்கோட்டில் நிறுத்த முடிகிறது. வளையத்தைப் புரோமின் நேராகத் தாக்கும் வினைகளுக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தாமல் போனதால், பிரௌன் என்பவரும் ஒகாமோட்டோவும் அவற்றுக்கெனத் தனி எண்கள் வகுத்தார்கள். "கோடு நேராகப் போகாமல் நடுவில் முறிந்தால், அந்த இடத்தில் வினை வேறு வழிக்கு மாறுகிறது என்று சந்தேகிக்க வேண்டுமாம். படித்தவுடன் நம் ஜன்னல் மேசைதான் ஞாபகம் வந்தது" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் எங்களில் ஒருத்தியிடம் இன்னும் இருக்கிறது. வேதியியலை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட எங்களில் சிலருக்கு சிக்மா முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டோம்.

பிறகு அவள் ஒரு கல்லூரியில் ஆசிரியை ஆனாள். பதிலிகளின் பாடம் வரும்போது, சோதனைக் குழாய்களைப் பாதி ஜன்னலோரமும் பாதி உள்ளேயும் வைத்துவிட்டு, வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாளாம். ஓய்வு பெறும் வரை அப்படித்தான் செய்தாள். பென்சீனும் நைட்ரோபென்சீனும் இல்லாமல், அளவைச் சொட்டுக் கணக்குக்குக் குறைத்து, குழாய்களைப் புகை இழுக்கும் கூண்டுக்குள் வைத்து. எந்த ஆண்டு மாணவியர் முதலில் ஆளைச் சந்தேகித்தார்கள், எந்த ஆண்டு குழாயைச் சந்தேகித்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறாள். கணக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டோம். சொல்ல மறுத்துவிட்டாள்.

எங்கள் இரண்டு மேசைகளின் முடிவுகளையும் சிஸ்டர் அன்று ஒரே அட்டவணையாக எழுதச் சொன்னார். பொருள், நேரம், நிறம் என்று மூன்று கட்டங்கள் போட்டிருந்தோம். சிவப்பு மையால் நான்காவதாக ஒரு கட்டம் கிழித்து, அதன் தலையில் 'வெளிச்சம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு அடுத்து வந்த வகுப்பின் செய்முறை நோட்டுகளில் அந்த நான்காவது கட்டம் முதலிலேயே இருந்தது என்று அங்கே படித்த எங்கள் தங்கைகள் சொன்னார்கள்.